கடைசியா வந்த ஆளுக்கு எவ்வளவு கூலி?

மக்களே, முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

பல வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் எடுத்துக் கட்டினோம். ஒருநாள் சித்தாள் ஒருத்தர் வரலை. மேஸ்திரி பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி, காலையில கூலிக்கு ஆள் நிக்கிற இடத்துல மிச்சமிருந்த ஒரு அக்காவைக் கூட்டிட்டு வந்தார். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது, "சார், அவங்களுக்கு அரைநாள் கூலி போதும். முழுசா குடுத்தீங்கன்னா நாளைக்கு எல்லாரும் பதினோரு மணிக்குத்தான் வருவாங்க"ன்னு காதுல சொன்னார். நியாயமாத்தான் பட்டுச்சு. அரைநாள் கூலியை நீட்டினேன். அந்த அக்கா வாங்கிட்டு, "காலையில ஆறரைக்கே வந்து நின்னேன் சார்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இதுல கொடுமை என்னன்னா, சின்ன வயசுல சண்டே கிளாஸ்ல இதே கதையை ஒப்பிச்சு சோப்பு டப்பா பரிசு வாங்கினவன் நான் :-)

மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரம். திராட்சத் தோட்டக்காரர் ஒருத்தர் விடியற்காலையில சந்தைவெளிக்குப் போயி ஆள் பிடிக்கிறார். நாள் கூலி பேசி அனுப்புறார். அப்புறம் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூணு மணிக்கு, கடைசியா அஞ்சு மணிக்கும் போறார். அப்பவும் சிலர் நிக்கிறாங்க. ஏன் சும்மா நிக்கிறீங்கன்னு கேட்டா, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடலையேங்கிறாங்க. அவங்களையும் அனுப்புறார். பொழுது சாய்ஞ்சதும் கடைசியா வந்தவங்களுக்கு முதல்ல கூலி, அதுவும் முழு நாள் கூலி. காலையிலேர்ந்து வெயில்ல வெந்தவங்களுக்கும் அதே தொகை. அவங்க முணுமுணுக்கிறாங்க. எங்க மேஸ்திரி சொன்ன அதே லாஜிக்தான்.

கோயில்ல இதுக்கு வழக்கமா என்ன விளக்கம் சொல்லுவாங்க? சாகிற நேரத்துல மனம் திரும்பினவனுக்கும் மோட்சம் உண்டுன்னு. "பதினோராம் மணி வேளை"ங்கிறது பிரசங்கத்துல நிலைச்சுப்போன சொல். அந்த விளக்கம் தப்புன்னு நான் சொல்லலை. ஆனா அப்படிச் சொல்லும்போது கதையில இருக்கிற கூலி காணாமப் போயிடுது. கேட்டுக்கிட்டிருந்த ஜனங்களுக்கு இது நிஜக் கூலி. பழைய மொழிபெயர்ப்புல "பணம்"னும் புதுசுல "தெனாரியம்"னும் இருக்கிற அந்த ரோமானிய வெள்ளிக்காசு அன்னைக்கு ஒரு கூலியாளோட ஒருநாள் சம்பளம். அதுல பாதி கிடைச்சா வீட்டுல பாதி அடுப்புதான் எரியும். சூரியன் அடையறதுக்குள்ள கூலியைக் கொடுத்துடணும்னு மோசே சட்டத்துலயே இருக்கு (உபாகமம் 24). ஏன்னா அவன் அதை நம்பித்தான் இருக்கான்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கார். எருசலேம் தேவாலய வேலை முடிஞ்சப்போ (கி.பி. 60களில்) பதினெட்டாயிரத்துக்கும் மேல ஆளுங்களுக்கு வேலை போகுது. அந்த வேலையில, ஒரு மணி நேரம் உழைச்சவனுக்குக்கூட அப்பவே கூலியைக் கையில கொடுத்துடுவாங்களாம். வேலை போனவங்களுக்காக ஊருக்குள்ள வெள்ளைக்கல் பாவுற வேலையை ஆரம்பிக்க இரண்டாம் அகிரிப்பா மன்னன் அனுமதிச்சான். கதையில அஞ்சு மணிக்கு நிக்கிற ஆளு கற்பனை ஆளு இல்லை, ஊர் முழுக்க இருந்திருக்கான்.

இந்தக் கதையைத் திரும்ப கூலிப் பிரச்சினையாவே எடுத்துக்கிட்டுப் பேசினவர் ஒரு இங்கிலாந்துக்காரர், ஜான் ரஸ்கின். ஓவிய விமர்சகர். வேடிக்கை பாருங்க, அவங்க அப்பா ஸ்பெயின் நாட்டுத் திராட்சை மது வித்துப் பணக்காரர் ஆனவர். 1860ல் கார்ன்ஹில் பத்திரிகையில பொருளாதாரம் பத்தித் தொடர் எழுத ஆரம்பிச்சார். மனுஷனைப் பேராசை பிடிச்ச யந்திரமா நினைச்சுக் கணக்குப் போடுறது விஞ்ஞானமே இல்லைங்கிறது அவர் கட்சி. டாக்டருக்கும் ராணுவ வீரனுக்கும் யாரு கம்மியா கேக்குறாங்கன்னு ஏலம் விட்டா சம்பளம் கொடுக்கிறோம்? தொழிலாளிக்கு மட்டும் ஏன் அப்படின்னு கேட்டார். வாசகர்கள் கொதிச்சுட்டாங்க. ஆசிரியர் தாக்கரே (நாவலாசிரியர்ங்க, மும்பை தாக்கரே இல்லை) நாலு கட்டுரையோட தொடரை நிறுத்திட்டார். 1862ல் அதுவே புத்தகமா வந்துச்சு. தலைப்பு அந்தத் தோட்டக்காரர் பேச்சுலேர்ந்து எடுத்தது: "அன்டு திஸ் லாஸ்ட்", அதாவது இந்தக் கடைசி ஆளுக்கும். 1906ல் பாராளுமன்றத்துக்குப் போன தொழிற்கட்சிக்காரங்ககிட்ட உங்களை உருவாக்கின புத்தகம் எதுன்னு ஒரு பத்திரிகை விசாரிச்சப்போ, ரஸ்கின் பேர்தான் நிறைய அடிபட்டுச்சு.

அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, 1904ல், ஜோகன்னஸ்பர்க் ஸ்டேஷன்ல ஹென்றி போலக்ங்கிற நண்பர் டர்பனுக்கு ரயிலேறப்போன ஒரு வக்கீல் கையில இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். இருபத்துநாலு மணி நேரப் பயணம். வக்கீல் கீழே வைக்காமப் படிச்சார். ஊர் சேர்ந்து ராத்திரி தூக்கமே வரலை. வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒண்ணுதான்னு அதுலேர்ந்து எடுத்துக்கிட்டதா பின்னாடி சுயசரிதையில எழுதினார். யாருன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க.

காந்தி சும்மா சிலிர்த்துட்டு விட்டுடலை. அங்கதான் எனக்கு உதறுது. கடன்ல தள்ளாடிக்கிட்டிருந்த "இந்தியன் ஒப்பீனியன்" அச்சகத்தை (ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ்னு நாலு மொழியில ஆரம்பிச்ச பத்திரிகை அது) ஊருக்கு வெளியே கொண்டு போயிடலாம்னு ஆல்பர்ட் வெஸ்ட்கிட்ட பேசினார். டர்பனுக்குப் பதினாலு மைல் தள்ளி, ஃபீனிக்ஸ்ல நூறு ஏக்கர், ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியாச்சு. குடியேற வர்றவங்க எல்லாருக்கும், வெள்ளைக்காரரோ இந்தியரோ, மாசம் மூணு பவுண்டு. இதெல்லாம் உருப்படாதுன்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. வர விருப்பமில்லாத ஊழியர்களுக்குப் பழையபடி சம்பளம்தான்.

புது இடத்துல முதல் இதழ் அச்சடிக்கிற ராத்திரி இன்ஜின் மக்கர் பண்ணிடுச்சு. கையால சுத்துற சக்கரம் ஒண்ணு இருந்துச்சு, ஒரு நேரத்துக்கு நாலு பேர் வேணும். கட்டட வேலைக்கு வந்த தச்சர்கள் தரையில தூங்கிட்டிருந்தாங்க. அவங்களை எழுப்பி உதவி கேட்டு, எல்லாரும் முறை வச்சுச் சுத்தினாங்க, காந்தியும் சேர்ந்துதான். வெஸ்ட் கிறிஸ்தவப் பாட்டு பாடிக்கிட்டே வேலை பார்த்தாராம். விடிஞ்சப்புறம் இன்ஜின் தானா ஓடுச்சு! 1908ல் ரஸ்கின் புத்தகத்தோட சாரத்தைக் குஜராத்தியில எழுதி "சர்வோதயா"ன்னு பேர் வச்சார்.

ஆனா ஒண்ணு சொல்லணும். ரஸ்கின் கேட்டது ஒரே வேலைக்கு ஒரே கூலி. ஃபீனிக்ஸ்ல நடந்தது வெவ்வேற வேலைக்கு ஒரே கூலி. சுவிசேஷத்துத் தோட்டக்காரர் ரெண்டு பேரையும் தாண்டிப் போறார். ஒரு மணி நேரத்துக்கும் முழு நாளுக்கும் ஒரே காசு. எந்தக் கம்பெனியையும் இப்படி நடத்த முடியாதுன்னு நீங்க சொல்லலாம், நானும் சொல்லுவேன். ஆனா எனக்கு அன்னைக்கு நடத்த இருந்தது கம்பெனி இல்லை. ஒரு ரூம், ஒரு சித்தாள், அரைநாள் கூலி.

அடுத்த வாரம் மிச்சக் கூலியை மேஸ்திரிகிட்ட கொடுத்துவிட்டேன். "அவங்களை எங்க சார் தேடுறது"ன்னு இழுத்துக்கிட்டே பாக்கெட்ல வச்சுக்கிட்டார். போய்ச் சேர்ந்துச்சான்னு நான் கேக்கலை.