நோட்ரே டாம் பேராலயம்: தீவிபத்தும் மீட்டெடுப்பும்

நோட்ரே டாம் பேராலயம் பிரான்சின் தலைநகரான பாரிசில், சென் ஆற்றின் நடுவிலுள்ள தீவில் அமைந்த கத்தோலிக்கத் தேவாலயம். ‘எங்கள் அன்னை’ என்று பொருள்படும் அதன் பெயர் கன்னி மரியாவைக் குறிக்கிறது. 2019 ஏப்ரல் 15 அன்று ஏற்பட்ட தீயில் அதன் கூரை முழுவதும் எரிந்தது. கூர்கோபுரம் சரிந்து விழுந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த பணிகளுக்குப் பின் 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு பழைய கட்டடத்தை ‘இருந்தபடியே’ மீட்பது என்றால், அது எந்தக் காலத்தில் இருந்தபடி என்ற கேள்வி இப்பணி முழுவதிலும் தொடர்ந்தது.

கட்டுமானமும் முந்தைய மாற்றங்களும்

பேராலயத்தின் கட்டுமானம் ஆயர் மோரிஸ் டி சல்லியின் காலத்தில் 1163-ஆம் ஆண்டு தொடங்கியது. பெரும்பகுதி 1260-க்குள் முடிந்தாலும், முழுமை பெற்றது 14-ஆம் நூற்றாண்டில்தான். தொடங்கியவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் இடையே பல தலைமுறைகள் இருந்தன. இடைக்காலத்தில் எழுப்பப்பட்ட முதல் கூர்கோபுரம் பலவீனமடைந்ததால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழற்றப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மேற்கு முகப்பிலிருந்த அரசர் சிலைகளின் தலைகள் துண்டிக்கப்பட்டன.

சிதைந்து கிடந்த பேராலயத்தின்மீது மக்களின் கவனத்தைத் திருப்பியது விக்டர் யூகோ 1831-இல் வெளியிட்ட நாவல். அதன்பின் 1840-களில் தொடங்கிய பெரும் சீரமைப்பை லாசு, வியோலே லெ டுக் ஆகிய கட்டடக்கலைஞர்கள் மேற்கொண்டனர். லாசு மறைந்தபின் வியோலே லெ டுக் தனித்துத் தொடர்ந்தார். அவர் வடிவமைத்த 96 மீட்டர் உயரக் கூர்கோபுரம் 1859-இல் நிறைவடைந்தது. அது பழைய கோபுரத்தின் நகல் அன்று. அதைவிட உயரமான, அலங்காரம் மிகுந்த புதிய ஆக்கம். 2019-இல் உலகம் தொலைக்காட்சியில் சரியக் கண்ட ‘பழைய’ கோபுரம் உண்மையில் 19-ஆம் நூற்றாண்டின் படைப்பு.

தீவிபத்து

அன்று மாலை 6.20 மணியளவில் முதல் எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் காவலர் முதலில் சென்று பார்த்தது வேறொரு கட்டடத்தின் மேல்தளத்தை. தீ இருக்கும் இடம் தெரியவருவதற்குள் ஏறத்தாழ அரை மணி நேரம் கடந்துவிட்டது. கூரையைத் தாங்கிய மரச்சட்டகம் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்ட ஓக் மரங்களால் ஆனது. மரங்களின் அடர்த்தியால் அதற்குக் ‘காடு’ என்றே பெயர். அங்கு பற்றிய தீயைக் கட்டுப்படுத்துவது எளிதாக இல்லை. இரவு எட்டு மணிக்குச் சற்று முன் கூர்கோபுரம் உடைந்து விழுந்து, கல்லாலான வளைவுக்கூரையைத் துளைத்தது.

வடக்கு மணிக்கோபுரத்துக்கும் தீ பரவியது. அங்குள்ள மரத்தாங்கிகள் எரிந்து பெரிய மணிகள் விழுந்திருந்தால் கோபுரமே இடிந்திருக்கக்கூடும். தீயணைப்பு வீரர்கள் உள்ளே ஏறி அதைத் தடுத்தனர். உயிரிழப்பு ஏற்படவில்லை. கோபுர அடிப்பகுதியைச் சுற்றியிருந்த 16 செம்புச் சிலைகள் சீரமைப்புக்காக நான்கு நாட்களுக்கு முன்பே இறக்கப்பட்டிருந்ததால் தப்பின. தீயின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. திட்டமிட்ட சதி என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இடிவதைத் தடுத்தல்

1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பேராலயம் பிரெஞ்சு அரசின் உடைமை; வழிபாட்டு உரிமை திருச்சபைக்கு உரியது. அரசு இக்கட்டடத்துக்குக் காப்பீடு செய்வதில்லை. ஆனால் சுமார் 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் அளித்த நன்கொடை 84 கோடி யூரோவைத் தாண்டியது.

மீட்டெடுப்பின் முதல் கட்டம் கட்டுவது அன்று, இருப்பதைக் காப்பது. கூரையின் எடை நீங்கிவிட்டதால், சுவர்களை வெளியிலிருந்து தாங்கும் 28 வளைவுகள் சுவரை உள்நோக்கித் தள்ளிவிடும் அபாயம் இருந்தது. எனவே அவற்றின் அடியில் மரமுட்டுகள் பொருத்தப்பட்டன. தீக்கு முன் கூர்கோபுரப் பராமரிப்புக்காகக் கட்டப்பட்ட இரும்புச் சாரம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. சுமார் 40,000 துண்டுகள் கொண்ட, 200 டன் எடையுள்ள அந்தச் சாரத்தை வெட்டி எடுக்கும் பணி 2020 நவம்பரில்தான் முடிந்தது. உள்ளே விழுந்த கற்களும் கரிக்கட்டைகளும் குப்பையாகக் கருதப்படவில்லை. ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டு ஆய்வுக்குச் சென்றது.

எதை மீட்பது?

ஐந்து ஆண்டுகளில் பேராலயம் மீண்டும் எழும் என்று அதிபர் எமானுவேல் மக்ரோன் அறிவித்தார். புதிய கூர்கோபுரத்துக்குச் சர்வதேசப் போட்டி நடத்தும் எண்ணத்தையும் அரசு வெளியிட்டது. கண்ணாடிக் கூரை, மாடித் தோட்டம் எனப் பல யோசனைகள் வந்தன.

முன்னுதாரணங்களும் ஒரே திசையைக் காட்டவில்லை. 1836-இல் சார்த்ர் பேராலயத்தின் மரக்கூரை எரிந்தபோது வார்ப்பிரும்புச் சட்டகம் அமைக்கப்பட்டது. 1914-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்த ரேன்ஸ் பேராலயத்துக்குக் கட்டடக்கலைஞர் ஆன்றி டெனோ கான்கிரீட் சட்டகம் வடிவமைத்தார். மாறாக, இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டரில் 1984-இல் எரிந்த தெற்குப் பகுதியின் கூரை மீண்டும் ஓக் மரத்தாலேயே கட்டப்பட்டது.

தலைமைக் கட்டடக்கலைஞர் பிலிப் வில்னேவ் பழைய வடிவமே வேண்டும் என்று வாதிட்டார். 2020 ஜூலையில் தேசிய மரபுடைமை ஆணையம் அதை ஆதரித்தது; அதிபரும் ஏற்றார். இதன்படி கூரைச்சட்டகம் இடைக்கால முறையிலும், கூர்கோபுரம் வியோலே லெ டுக்கின் 1859-ஆம் ஆண்டு வடிவிலும் மீட்கப்படும். அதாவது ஒரே கூரையில் இரு வேறு காலங்கள் தெரிந்தே இடம்பெற்றன.

பழைய தொழில்நுட்பத்தின் மறுபயன்பாடு

எரிந்ததை அப்படியே கட்ட, அதன் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் டிரென்டெசோ ஆகிய கட்டடக்கலைஞர்கள் 2014-இல் மரச்சட்டகத்தை அளந்து வரைந்திருந்தனர். கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டலோன் லேசர் கருவியால் பேராலயத்தை நுட்பமாகப் பதிவு செய்திருந்தார். அவர் தீவிபத்துக்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

போதிய அளவு பெரிய மரங்கள் பிரான்சில் இல்லை என்ற கருத்து முதலில் பரவியது. ஆனால் பழைய உத்தரங்களில் பெரும்பாலானவை இளவயது ஓக் மரங்களிலிருந்து வந்தவை. பிரான்சின் பல காடுகளிலிருந்து சுமார் 2,000 மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்குமான உத்தரங்களைத் தச்சர்கள் ஈரம் காயாத பச்சை மரத்திலிருந்து கோடரியால் செதுக்கினர். இழைப்போக்கைப் பின்பற்றிச் செதுக்கப்படுவதால் உத்தரம் வலுவிழப்பதில்லை. கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு தொழிலறிவு இதனால் புதிய தலைமுறைத் தச்சர்களிடம் சென்று சேர்ந்தது.

தீயால் புதிய அறிவும் கிடைத்தது. கற்களைப் பிணைக்க இரும்புப் பட்டைகள் 1160-கள் முதலே இங்கு பயன்பட்டன என்பது வெளிப்பட்டது. 2022-இல் நடந்த அகழாய்வில், பீடப்பகுதியை மறைத்திருந்த இடைக்காலக் கல்திரையின் வண்ணம் மாறாத சிற்பத் துண்டுகள் தரைக்கடியில் கிடைத்தன.

எல்லாம் பழையபடியே அமையவில்லை. புதிய கூரைக்குள் நீர்த்துளிகளைத் தெளிக்கும் தீத்தடுப்பு ஏற்பாடும், தீ ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் பரவாமல் தடுக்கும் தடுப்புகளும் சேர்க்கப்பட்டன.

தொடரும் விவாதங்கள்

கூரையிலும் கோபுரத்திலும் இருந்த 400 டன்னுக்கு மேற்பட்ட ஈயம் தீயில் உருகியது. ஈயத்தூள் சுற்றுப்புறத்தில் படிந்தது. அருகிலுள்ள சில பள்ளிகளைத் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. இருந்தும் புதிய கூரைக்கும் ஈயத்தகடே தேர்வானது. வரலாற்று நம்பகத்தன்மைக்காக உடல்நலம் புறக்கணிக்கப்படுகிறது என்று சுகாதார அமைப்புகள் எதிர்த்தன. தெற்குப் பக்கத்துச் சிற்றாலயங்கள் ஆறில் தீயில் சேதமடையாத 19-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியங்களுக்குப் பதிலாகத் தற்காலக் கலைஞர் கிளேர் டபுரேயின் படைப்புகளை வைக்கும் முடிவும் சர்ச்சைக்குள்ளானது. 2020-இல் பழைய வடிவத்தை ஆதரித்த ஆணையமே 2024-இல் இத்திட்டத்தை எதிர்த்து வாக்களித்தது.

பணிகளை வழிநடத்திய ஜெனரல் ழான் லூயி ஜோர்ஜலன் 2023 ஆகஸ்டில் மலையேற்றத்தின்போது இறந்தார். பிலிப் ஜோஸ்ட் பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் கோபுர உச்சியில் புதிய சேவல் நிறுவப்பட்டது. மீட்டெடுப்பில் பங்கேற்ற சுமார் 2,000 பேரின் பெயர்கள் அதற்குள் வைக்கப்பட்டுள்ளன. முதல் கூரையைச் செதுக்கிய தச்சர்கள் யாரென்று வரலாற்றில் இல்லை. அதே முறையில் மீண்டும் செதுக்கியவர்களின் பெயர்கள் அந்தக் கூரைக்கு மேலேயே இருக்கின்றன.