தீயணைப்பு நிலையம் இடம் மாறும்போது: தொலைவைச் சேரியின் கடைசி வீட்டிலிருந்து அளப்போம்

பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றை இடம் மாற்றுவது பெரும்பாலும் கட்டடப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. கூரை ஒழுகுகிறது, கொட்டகை புதிய வாகனங்களுக்குப் போதவில்லை, கடைவீதி நெரிசலில் வண்டி வெளியேற முடியவில்லை என்பவை வழக்கமான காரணங்கள். அவை நியாயமானவையே. ஆனால் நிலையம் நகரும்போது பாதுகாப்பும் சேர்ந்து நகர்கிறது. அது யாரை நெருங்குகிறது, யாரை விட்டு விலகுகிறது? ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் தமிழ்நாட்டில் இது சமூகநீதிக் கேள்வி.

விதியும் நேரமும்

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணை தீயணைப்புப் பணியை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டிலோ 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டத்தின்கீழ் மாநிலத் துறையே அதை நடத்துகிறது. எனவே நிலையம் எங்கே அமைவது என்பது மாநில அரசின் பொறுப்பு. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோலின்படி, முதல் வண்டி நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும், ஊர்ப்புறத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் சென்றடைய வேண்டும்.

கீற்றுக் கூரை 20 நிமிடம் காத்திருக்காது. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். அடுத்தடுத்துக் குடிசைகள் நிற்கும் தெருவில் தாமதமாக வரும் வண்டி எரிந்த வீட்டை மீட்காது; எஞ்சிய வீடுகளைக் காத்தால் அதுவே பெரிது.

மண்ணச்சநல்லூரின் நிலவியல்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். உமிக் குவியலில் பிடித்த தீ உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அணைக்கப் பல மணி நேரமும் மிகுந்த நீரும் தேவை. அந்த நேரத்தில் அருகிலுள்ள வண்டி ஆலையில் நிற்கும். சேரியில் தீப்பிடித்தால் அடுத்த வண்டி எங்கிருந்து வரும்? திருவரங்கத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ வருவதாயின் கொள்ளிடத்தைக் கடந்தாக வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்தது. அதில் அப்போது போக்குவரத்து இல்லை. ஆயினும் ஆற்றுக்கு அப்பாலுள்ள உதவி பாலத்தை நம்பியது என்பதை அது நினைவூட்டியது. ஆகவே வடகரைக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

நியூயார்க் தரும் பாடம்

1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரம் செலவைக் குறைக்கத் தீயணைப்புப் பிரிவுகள் சிலவற்றை மூடியது. சிலவற்றை இடம் மாற்றியது. ராண்ட் நிறுவனத்தின் கணித மாதிரிகள் அதற்கு ஆதாரமாயின. வண்டி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதே அவற்றின் முதன்மை அளவு. ஒரு பிரிவு வேறொரு தீயில் சிக்கியிருக்கக்கூடும் என்பது அவற்றில் போதுமான இடம் பெறவில்லை என்று பின்னாளைய ஆய்வாளர்கள் விமர்சித்தனர். கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கரும் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதிகள் பெரும் விலை கொடுத்தன. அளக்கும் முறையே பாகுபாடாக மாறக்கூடும் என்பதே நமக்கான பாடம்.

வரைபடத்தில் இல்லாத தெரு

நம் வரைபடங்களில் ஓர் ஊரைக் குறிக்கும் புள்ளி பெரும்பாலும் கடைவீதியிலோ பேருந்து நிறுத்தத்திலோ விழுகிறது. சேரி அதற்கு அப்பால், வயலையோ வாய்க்காலையோ தாண்டி இருக்கும். புள்ளிவரை எட்டு நிமிடம் என்று எழுதப்பட்ட கணக்கில் சேரியின் குறுகலான சந்தும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும், வண்டி திரும்ப இடமில்லாத முட்டுத்தெருவும் சேர்வதில்லை.

தலித் மக்களுக்குத் தீ விபத்தாக மட்டும் வருவதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியின் மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, பல எரிக்கப்பட்டன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(2)(iv)இல், பட்டியல் சாதியினரின் குடியிருப்பைத் தீயிட்டு அழிப்பதற்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. சட்டம் ஒப்புக்கொண்ட இந்த ஆபத்தை நிலையத் திட்டமும் கணக்கில் கொள்ள வேண்டும். சேரிக்குச் செல்லும் ஒரே சாலை ஆதிக்கச் சாதித் தெருவின் வழியாகப் போகுமானால், அது அடைக்கப்படும் நாளில் வண்டி எவ்வளவு அருகில் இருந்தும் பயனில்லை.

கேட்க வேண்டியவை

இடமாற்றத் திட்டம் வரும்போது குடியிருப்போரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் ஐந்தைக் கேட்கலாம்.

1. பழைய இடத்திலிருந்தும் புதிய இடத்திலிருந்தும் ஒவ்வொரு சேரியின் கடைசி வீட்டுக்கும் ஆகும் நேரத்தை, வண்டியை ஓட்டிப் பார்த்து வெளியிட வேண்டும்.

2. முதல் வண்டி வேறு தீயில் இருக்கும்போது இரண்டாவது வண்டி வர ஆகும் நேரத்தையும் சொல்ல வேண்டும்.

3. ஒவ்வொரு குடியிருப்புக்கும் வண்டி நுழையும் அகலத்தில் இரு வழிகளும், அருகிலேயே நீர் நிரப்பும் இடமும் வேண்டும்.

4. புதிய நிலையத்துக்கான இடம் 1892 அரசாணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலமாகவோ, வீட்டுமனைக்காகக் காத்திருக்கும் தலித் குடும்பங்களுக்கு உரிய நிலமாகவோ இருக்கக் கூடாது.

5. புதிய நிலையம் செயல்படத் தொடங்கும்வரை பழையது மூடப்படக் கூடாது.

இவற்றுள் முதல் கோரிக்கைக்குப் பெரும் செலவில்லை. ஒரு வண்டி, ஒரு கடிகாரம், ஒரு நாள் போதும். அந்தக் கணக்கு பொதுவில் வைக்கப்பட்டபின் இடத்தைத் தேர்வு செய்வதே முறை.