நாள் என்ன செய்யும்? செப்டம்பர் 11: ஒரு வரலாற்று நோக்கு

அரபு மொழியில் ‘தாரீக்’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஒன்று தேதி, மற்றொன்று வரலாறு. பழைய தமிழ்க் கடிதங்களிலும் பத்திரங்களிலும் ‘தாரீகு’ என்று காணப்படுவது இச்சொல்லே. தேதியையும் வரலாற்றையும் ஒரே சொல்லில் அடக்கிய அம்மொழியின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. தேதியில்லாத செய்தி கதையாகிவிடும். செய்தியில்லாத தேதி வெறும் எண்ணாகிவிடும்.

இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு தோன்றிய வரலாறும் இவ்வுண்மையையே விளக்குகின்றது. பஸ்ராவின் ஆளுநராக இருந்த அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள், தமக்கு வரும் அரசுக் கடிதங்களில் ஆண்டுக் குறிப்பு இல்லாமையால் குழப்பம் நேர்கின்றதென கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து கணக்கிடலாமா, நபித்துவம் அருளப்பெற்றதிலிருந்து கணக்கிடலாமா, மறைவிலிருந்து தொடங்கலாமா என்றெல்லாம் கருத்துகள் எழுந்தன. முடிவில் ஹிஜ்ரத்தே தொடக்கமாகக் கொள்ளப்பட்டது. ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் இம்முடிவு செய்யப்பெற்றது. பிறப்பும் இறப்பும் மனிதன் கையில் இல்லாதவை. ஹிஜ்ரத்தோ இறைவனை நம்பி, இன்னல் ஏற்று, எடுத்து வைத்த ஓர் அடி. அதுவே ஒரு சமுதாயத்தின் ஆண்டுக்குத் தலைவாயிலாயிற்று.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஆங்கில நாட்காட்டியின் ஒரு நாளை மட்டும் எடுத்து நோக்குவோம். அது செப்டம்பர் 11. இந்நாளின் பெயரைச் சொன்னவுடனே எல்லார் உள்ளத்திலும் 2001ஆம் ஆண்டின் அந்த ஒரு நிகழ்ச்சியே எழுகின்றது. நம் பிள்ளைகளில் சிலர் அந்த நாளின் பெயரைக் கேட்டாலே தலைகுனிகின்றனர், சிலர் சினங்கொள்கின்றனர். இரண்டும் வேண்டாதவை. அந்நாளின் ஏட்டை முழுவதும் படித்துக் காட்டுவதே நம் கடமையாகும்.

முதலில் ‘நாள்’ என்பதே எவ்வளவு நெகிழ்வானது என்பதைக் காண்போம். மகாகவி பாரதியார் 1921 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, நள்ளிரவு கடந்த பின், சென்னைத் திருவல்லிக்கேணியில் உயிர்நீத்தார். நள்ளிரவில் நாள் மாறும் ஆங்கிலக் கணக்கின்படி அது 12ஆம் தேதி. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் அவ்வாறே கூறும். ஞாயிறு தோன்றும்போதுதான் புதுநாள் பிறக்கும் என்னும் தமிழ் வழக்கின்படி அது 11ஆம் நாளே. மஃக்ரிபோடு நாளைத் தொடங்கும் நம் கணக்கில், இரவு முந்திய பகலைச் சேராது. வரும் பகலையே சேரும். ஓர் உயிர் பிரிந்த ஒரே நாழிகைக்கு மூன்று கணக்குகள்! தமிழக அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ ‘மகாகவி நாள்’ என அறிவித்தது.

ஆண்டுக்கணக்கிலும் இதே நிலைதான். நம் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது. ஆகவே செப்டம்பர் 11க்கு நேரான பிறைத் தேதி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் தள்ளிச் சென்று, 33 ஆண்டளவில் மீண்டும் பழைய இடத்துக்கு அருகில் வருகின்றது. ஒரு பிறைக் கணக்கில் ரமளானாக இருந்த செப்டம்பர் 11, மற்றோர் ஆண்டில் முஹர்ரமாக இருக்கும். எத்தியோப்பியாவிலோ பெரும்பாலான ஆண்டுகளில் இந்நாளே புத்தாண்டு நாள். மக்காவின் கொடுமை தாங்காது கடல் கடந்த முதல் முஸ்லிம்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் அளித்த ஹபஷா நாடு அதுவே. உலகின் ஒரு பகுதியினர் துயரத்தோடு நினைக்கும் நாளில் அங்கே மக்கள் புத்தாண்டு வாழ்த்துக் கூறுகின்றனர்.

இனி, நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 1893 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகச் சமயப் பேரவை தொடங்கியது. சுவாமி விவேகானந்தர் அன்று அவையோரை உடன்பிறந்தோரென விளித்துப் பேசியதை உலகறியும். அவர் அங்குச் செல்லச் சென்னை அன்பர்கள் பொருள் திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமளித்தார். சமய வெறி பூமியைப் பலமுறை இரத்தத்தில் தோய்த்தது என்று கூறி, அன்று காலை ஒலித்த மணி அவ்வெறிக்குச் சாவுமணியாகட்டும் என்னும் விருப்பத்தோடு அவர் தம் உரையை முடித்தார். சில நாட்களுக்குப் பின் அதே பேரவையில் இஸ்லாத்தை எடுத்துரைத்தவர் முஹம்மது அலெக்ஸாண்டர் ரஸல் வெப் என்னும் அமெரிக்கர். மணிலாவில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர்.

1895 செப்டம்பர் 11 அன்று மராட்டிய நாட்டின் ககோதே என்னும் சிற்றூரில் வினோபா பாவே பிறந்தார். 1951இல் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்றோர்க்கு நிலம் கேட்டு நாடெங்கும் நடந்தவர் என்று அவரை அறிவோம். அவர் அரபு கற்றுத் திருக்குர்ஆனை மூலத்திலேயே ஓதி ஆராய்ந்தவர் என்பதைப் பலர் அறியார். திருமறையிலிருந்து தாம் தெரிந்தெடுத்த வசனங்களைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். பிறர் வேதத்தை அறிய வேண்டுமாயின் பிறர் மொழியைக் கற்கவேண்டும் என்று எண்ணிய உள்ளம் எத்தகைய உள்ளம்!

வினோபாவுக்குப் பதினொரு வயது நிறைந்த அதே நாளில், 1906 செப்டம்பர் 11 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் எம்பயர் தியேட்டர் என்னும் நாடகக் கொட்டகையில் ஏறத்தாழ 3000 இந்தியர் கூடினர். டிரான்ஸ்வால் அரசு ஒரு புதிய சட்டத்தை முன்மொழிந்திருந்தது. அதன்படி எட்டு வயது நிரம்பிய ஒவ்வோர் இந்தியரும் கைவிரல் ரேகை பதித்துப் பதிவுச்சீட்டுப் பெறவேண்டும். காவலர் கேட்டபோதெல்லாம் அதைக் காட்டவேண்டும். சீட்டைப் பார்க்கக் காவலர் வீட்டினுள்ளும் நுழையலாம். மறுப்போர்க்கு அபராதம், சிறை, நாடுகடத்தல். குற்றவாளிகளிடம் பெறும் ரேகையைக் குடும்பத்தாரிடம் கேட்டது அம்மக்களின் மானத்தைச் சுட்டது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைவர் அப்துல் கனி. சட்டத்துக்கு அடிபணிவதில்லை என்னும் தீர்மானம் அவைமுன் வந்தது. அப்போது எழுந்தார் ஹாஜி ஹபீப் என்னும் முதியவர். இத்தீர்மானத்தை வெறுமனே கைதூக்கி நிறைவேற்றுதல் போதாது; இறைவனைச் சாட்சியாக வைத்தே நிறைவேற்ற வேண்டும் என்றார். தாம் இச்சட்டத்துக்கு ஒருபோதும் பணிவதில்லை என அல்லாஹ்வின் பெயரால் அவ்விடத்திலேயே சத்தியம் செய்தார்.

அவையில் இருந்த காந்தியடிகள் ஒருகணம் திகைத்துப் போனார். இறைவன் பெயரால் சத்தியம் செய்வது கூட்டங்களில் நாள்தோறும் நிறைவேறும் தீர்மானம் போன்றதன்று என்பதை அவர் உணர்ந்தார். எழுந்து, அதன் பொறுப்பை மக்களுக்கு விளக்கினார். சிறை வரலாம், பட்டினி வரலாம், அடி வரலாம், உடைமை போகலாம். மற்றவரெல்லாம் விலகினாலும் தனியாக நிற்கும் உறுதி உடையவரே உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றார். அனைத்தும் கேட்ட பின்னரே அந்த மக்கள் எழுந்து நின்று, கையுயர்த்தி, இறைவனைச் சாட்சியாக்கி உறுதிமொழி ஏற்றனர். பின்னர்ச் ‘சத்தியாக்கிரகம்’ எனப் பெயர்பெற்ற அறப்போர் பிறந்தது அன்றுதான். மறுநாள் அக்கொட்டகை தீக்கிரையாயிற்று. ஆயினும் அங்கு எடுத்த உறுதி எரியவில்லை.

1907இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. மக்கள் சிறை சென்றனர். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க் ஹமீதிய்யா பள்ளிவாசலின் வெளியில் பெரிய இரும்புக் கொப்பரையில் ஏறத்தாழ 2000 பதிவுச்சீட்டுகள் எரிக்கப்பட்டன. குஜராத்தி முஸ்லிம் வணிகர் முன்னின்று தொடங்கிய இப்போரில் தமிழர் பெருந்தொகையினராகச் சிறை புகுந்தனர். தம்பி நாயுடு அவர்களுள் முன்னவர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலிகளை வாட்டிய 3 பவுன் வரி நீங்கிற்று. முந்திய ஆண்டு நீதிமன்றம் செல்லாதென ஒதுக்கிய நிக்காஹும் இந்துத் திருமணமும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

பின்னும் ஏடு புரள்கின்றது. 1948 செப்டம்பர் 11 அன்று முஹம்மது அலி ஜின்னா கராச்சியில் மறைந்தார். ஜனவரியில் காந்தியடிகள் சுடப்பட்ட அதே ஆண்டு அது. 1973 செப்டம்பர் 11 அன்று தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் படைத்தலைவர்கள் மக்களாட்சியைக் கவிழ்த்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் சால்வடோர் அயெந்தே, குண்டுவீச்சுக்கு இலக்கான மாளிகையிலேயே இறந்தார். பினோசேயின் ஆட்சியில் 3000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர். சிலி மக்களுக்குச் ‘செப்டம்பர் 11’ என்றால் இதுவே.

2001 செப்டம்பர் 11. பத்தொன்பது பேர் நான்கு விமானங்களைக் கடத்தினர். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. ஏறத்தாழ 3000 பேர் மாண்டனர். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். முஹம்மது சல்மான் ஹம்தானி அவர்களில் ஒருவர், கராச்சியில் பிறந்தவர், வயது 23, காவல்துறைப் பயிற்சி பெற்றவர். காயமுற்றோர்க்கு உதவ ஓடிச்சென்று உயிரிழந்தார். அவர் உடல் கிடைக்கும் வரை அவர்மீதே ஐயம் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய பேட்ரியாட் சட்டம், காவலர்க்குப் பெரும் கண்காணிப்பு அதிகாரம் வழங்கிய அதே சட்டம், தன் வாசகத்திலேயே இவரது தியாகத்தைப் பெயர் சுட்டிக் குறித்தது. அதே மாதம் ஆஃப்கானிஸ்தானிலும், 2003 மார்ச்சில் இராக்கிலும் போர் மூண்டு, அந்நாளோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத எண்ணற்ற எளியோர் மடிந்தனர்.

இங்கே நாம் நின்று சிந்திக்கவேண்டும். 1906இல் ஒரு முதியவர் அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார். 2001இல் பத்தொன்பது பேரும் அதே திருப்பெயரைத் தம் செயலுக்குத் துணையாகக் கூறிக்கொண்டனர். நாள் ஒன்று, அழைத்த பெயரும் ஒன்று. வேறுபாடு யாது? ஹாஜி ஹபீப் துன்பத்தைத் தாம் ஏற்பதாகச் சத்தியம் செய்தார்; இவர்களோ குற்றமற்றோர்மீது துன்பத்தைச் சுமத்தினர். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதை மக்தபில் படிக்கும் சிறுவனும் அறிவான். ஆயினும் ஹராமான செயலை நல்ல நிய்யத்து ஹலாலாக்கிவிடாது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த தெளிவான விதி. ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பதை மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாக்கிற்று திருமறை. அதற்குமேல் எந்த விளக்கமும் தேவையில்லை.

அங்ஙனமாயின் அந்த நாள் கெட்ட நாளா? ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்தினாலேயே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர. துயரில் தோய்ந்திருந்த அந்நிலையிலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை இருள்வதில்லை எனத் தெளிவுறுத்தினார்கள். காலத்தை ஏசுவதையும் தடுத்தார்கள். ஸஃபர் மாதத்தைப் பீடையென எண்ணுவதையும் மறுத்தார்கள். ஒடுக்கத்துப் புதனன்று பீடை கழிக்க மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் நம் ஊர்கள் சிலவற்றில் இருந்ததை எண்ணும்போது, இப்போதனை எவ்வளவு வேண்டியது என்பது விளங்கும்.

நாளுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதில் மனிதன் செய்ததே அதன் பெயராகின்றது. உலகம் எந்தச் செயலை மீண்டும் மீண்டும் கூறுகின்றதோ அச்செயல் மற்றவற்றை மறைத்துவிடுகின்றது. எனவே அடுத்த செப்டம்பர் 11 வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகளை அருகில் அழைத்து, கோபுரங்கள் வீழ்ந்ததை மறைக்காமல் சொல்வோம். செய்தவர் செய்தது பெரும்பாவம் என்று சொல்வோம். ஹம்தானியின் பெயரையும் சொல்வோம். பின்னர், ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு நாடகக் கொட்டகையில் இந்துவும் முஸ்லிமும் ஒருசேர எழுந்து நின்றதையும், முதன்முதல் எழுந்தவர் ஹாஜி ஹபீப் என்பதையும் சொல்வோம். அப்பெயர் நம் பாடப்புத்தகங்களில் அரிதாகவே காணப்படுகின்றது. நம் வீடுகளிலேனும் அது வழங்கிவரட்டும்.