சும்மாடு முதல் மோட்டார்ப் பெட்டி வரை

இன்றைய விமான நிலையங்களில் ஒரு புதுமையைச் சில சமயங்களில் காண்கிறோம். பிரயாணி தம் பெட்டியைத் தூக்குவதில்லை, இழுப்பதுமில்லை. அதன் மீது அமர்ந்து அதை ஓட்டிச் செல்கிறார். பெட்டிக்குள்ளே சிறியதொரு மின் மோட்டாரும் பாட்டரியும் அமைந்துள்ளன. மனிதன் சுமையைச் சுமந்தது போக, சுமையே மனிதனைச் சுமக்கிறது. இந்த மாறுதல் நிகழ்ந்த வழியைக் கொச்சியிலுள்ள தோப்பும்படியில் நின்று நோக்குவோம்.

தோப்பும்படியிலிருந்து காயலைக் கடந்து வில்லிங்டன் தீவுக்குச் செல்கிறது பழைய துறைமுகப் பாலம். கப்பல்களுக்கு வழிவிடும் பொருட்டு அதன் நடுப்பகுதி உயரும்படி அமைக்கப்பட்டது. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளரின் தலைமையில், கடல்வாயில் கிடந்த மணல்திட்டு வெட்டப்பட்டது. காயலில் தோண்டிய மண்ணைக் கொண்டு வெண்டுருத்தியை ஒட்டி இத்தீவு உருவாக்கப்பட்டது. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தை அடைந்தது. பின்னர்த் துறைமுகம், ரயில் நிலையம், விமானத்தளம் ஆகிய மூன்றும் அத்தீவிலேயே அமைந்தன. கப்பலிலும் ரயிலிலும் விமானத்திலும் வந்தோர் யாவரும் ஒரே மண்ணில் கால் வைத்தனர்.

அந்நாளில் பிரயாணம் என்றால் தகர டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருணையும் கூஜாவும் நம் நினைவுக்கு வரும். அவற்றைத் தாங்கியது தொழிலாளியின் தலை; தலையைக் காத்தது சும்மாடு என்னும் துணிச்சுருள். ஆனால் துறைமுகத்தில் சுமை தூக்குவதற்குங்கூட எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. ‘சாப்பா’ எனப்படும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவார்கள். முட்டி மோதி வில்லையைப் பற்றியவனுக்கே அன்றைய வேலை. மற்றவன் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டும். இக்கொடுமையை எதிர்த்து எழுந்த போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அப்போராட்டத்தில் உயிர் நீத்த சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூவரை அவ்வூர் இன்றும் நினைவுகூர்கிறது. 2023இல் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றையே எடுத்துரைக்கிறது.

சக்கரத்தை மனிதன் கண்டறிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆயினும் அது பிரயாணப் பெட்டியின் அடியில் பரவலாக இடம்பெற்றது மிகப் பிற்காலத்தில்தான். அமெரிக்காவில் பெட்டி தயாரிக்கும் நிறுவனமொன்றைச் சேர்ந்த பெர்னார்டு சாடோ, 1970இல் ஒரு விமான நிலையத்தில் கனத்த பெட்டிகளோடு திண்டாடினார். அங்கே ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த யோசனைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பெட்டிக்குச் சக்கரங்கள் நான்கு. அதை வாரினால் இழுக்க வேண்டும். 1987இல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி, இரு சக்கரமும் நீளும் கைப்பிடியும் கொண்டு நிமிர்ந்து நிற்கும் பெட்டியை அமைத்தார். சக்கரம் வருவதற்கு இத்துணைத் தாமதம் ஏன்? கூலிக்குச் சுமக்கத் தலை கிடைத்தவரை, பெட்டிக்குக் கால் முளைக்க வேண்டுமென்று பலருக்குத் தோன்றவில்லை போலும்!

சக்கரத்தை அடுத்து மோட்டார் வந்தது. சீனத்தில் சாங்ஷா நகரருகே வாழ்ந்த ஹே லியாங்சாய் என்பவர் பத்தாண்டுகள் உழைத்து, ஏறிச் செல்லத்தக்க பெட்டியொன்றை அமைத்து, 2014இல் அதை நகரத் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். பின்னர் வாணிப நிறுவனங்களும் இத்தகைய பெட்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆயினும் இப்பெட்டிக்கு உயிர் தரும் லித்தியம் பாட்டரியே இதற்குத் தடையாகவும் அமைந்தது. அது பழுதுற்றால் தீப்பற்றக் கூடும். விமானத்தின் அடியில் சரக்கு அறையில் அவ்வாறு நேர்ந்தால் உடனே சென்று அணைக்க இயலாது. ஆகவே, பாட்டரியைக் கழற்ற முடியாத பெட்டிகளை 2018 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் மறுத்தன. பெட்டியைச் சரக்கில் சேர்ப்பதானால், பாட்டரியைக் கழற்றிப் பிரயாணி தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும். மேலும், இப்பெட்டிகள் நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் வாங்கத்தக்கவை அல்ல என்பதையும் நாம் அறிவோம்.

வில்லிங்டன் தீவில் இயங்கிய பயணியர் விமானப் போக்குவரத்து 1999 ஜூனில் நெடும்பாசேரிக்கு மாறியது. பெருஞ்சாலையிலிருந்து அங்கே திரும்பும் சந்திப்பின் பெயர் அத்தாணி. மலையாளத்தில் அத்தாணி என்றால் சுமைதாங்கிக் கல் என்று பொருள். தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக வழியோரம் நாட்டிய கல் அது. பிள்ளைப்பேற்றின்போது உயிர்துறந்த தாய்மாரின் நினைவாக நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்களை நிறுத்துவது முற்காலத்தில் வழக்கமாக இருந்தது.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இச்சொல்லின் அருமை நன்கு விளங்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஊறுகாய் ஜாடியும் வடாமும் நம் பெட்டியைக் கனக்கச் செய்கின்றன. சக்கரமும் மோட்டாரும் அச்சுமையை இலேசாக்குவது வரவேற்கத்தக்கதே. ஆனால் சுமையைத் தலையிலிருந்து இறக்கினால் மட்டும் போதாது. சுமந்தவனுக்கு மாற்று வேலையும் உரிய கூலியும் உண்டா என்றும் கேட்க வேண்டும். கல்லை நட்ட நம் முன்னோர் சுமையை மட்டும் எண்ணவில்லை; சுமந்து வந்தவனின் களைப்பையும் எண்ணினார்கள். புதுப் பொறிகளை ஆக்குவோரும் வாங்குவோரும் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் அதுவே.