களத்துச் சுதந்திரம்

உணவைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்குகிறார்கள். எந்த அரிசி, எந்த எண்ணெய், சர்க்கரையா கருப்பட்டியா என்று விஷயம் ஒரு குடும்பத்தலைவியின் மனச்சாட்சிக்குள் சுருங்கிவிடுகிறது. மண்ணும் நீரும் பிழைப்பது அவள் கடைக்குக் கொண்டுபோகும் பையைப் பொறுத்தது என்றாகிறது. இந்த அபிப்ராயம் சரித்திரப் பரிச்சயம் இல்லாதது என்றே எனக்குப் படுகிறது. திருப்போரூர் வட்டாரத்தின் பழைய கணக்குகளைப் பார்த்தால், உலையில் எது வேகும் என்ற கேள்வி உலை வைக்கிறவளிடம் வருவதற்கு வெகுமுன்பே, களத்துமேட்டில் தீர்ந்துவிட்டிருக்கிறது.

ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கைக்கு வந்தது எவ்வளவு பெறும் என்று அறியக் கம்பெனி ஆசைப்பட்டது. தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் 1767 முதல் 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடு, ஏரி, நஞ்சை, புஞ்சை, தோப்பு, விளைச்சல், அதில் யாருக்கு என்ன கழிந்தது என்பது வரை பதிவாயிற்று. ஊர்க்கணக்கர்கள் ஓலையில் எழுதியதில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திருப்போரூரும் வடக்குப்பட்டும் கொடுத்த கணக்குகளைச் சென்னை சென்டர் ஃபார் பாலிஸி ஸ்டடீஸ் 2001இல் தனிப் புத்தகமாகவே போட்டது. வரிக்காக எடுத்த கணக்கு, நமக்கு ஒரு சமூகத்தின் சாப்பாட்டுக் கணக்காக மிஞ்சியிருக்கிறது.

அதில் முக்கியமானது கழிவுதான். அரசன் பாகம், குடியானவன் பாகம் என்று நெல் பிரிவதற்கு முன்பே ஏறத்தாழக் கால் பங்கு குவியலிலிருந்து வெளியே போய்விடுகிறது. ஏரிக்கு, கோவிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, குயவனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, தலையாரிக்கு, வெட்டியானுக்கு என்று அது பிரிகிறது. இப்படிப்பட்ட பங்குகளுக்கு மேரை என்று பெயர். சுதந்திரம் என்றும் பெயர். பின்னால் நாம் கொடியேற்றிக் கொண்டாடிய சொல், தொண்டைமண்டலத்தில் ஒரு காலத்தில் மரக்காலால் அளக்கக்கூடியதாக இருந்தது.

ஏரியின் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். எவனும் ஒரு வாய் உண்பதற்கு முன் அடுத்த வருஷத்துத் தண்ணீருக்கு நெல் ஒதுக்கப்படுகிறது. கரையை உயர்த்த, மதகைப் பார்க்க, வண்டலை வார அதுதான் கூலி. வருங்காலத்தைப் பற்றிய கவலை இங்கே தனிமனிதனின் நற்குணமாக இல்லை, அளவையின் பகுதியாக இருந்தது. நல்லவன், கெட்டவன், சோம்பேறி எல்லோருடைய நெல்லிலிருந்தும் அது கழிந்தது.

கம்பெனியின் கண்ணில் இந்தக் கால் பங்கு கைநழுவிய வருமானம். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டார். அதே கையால் வசூலையும் ஏற்றினார். அதன்பின் வந்த பத்தாண்டுகளில் கழிவுகள் குறுகின, பணமாக மாறின, மறைந்தன. ஏரி சர்க்காருடையதாயிற்று. ஊருக்கு அதில் உரிமை குறைந்ததும் அக்கறையும் குறைந்தது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பொற்காலம் கிடைத்துவிடும். இந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த தரம்பாலைப் படித்தவர்களில் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆனால் மேரை பெறுவது ஒன்று, நிலம் பெறுவது வேறு. குவியலில் வெட்டியானுக்குப் பங்கு இருந்தது. குவியல் விளைந்த மண்ணில் இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை பர்னார்டின் கணக்கோடு சேர்த்துப் படிக்கவேண்டியது. மறுவருஷம் பிறந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலங்கள் வந்தன. மாமல்லபுரத்துப் பக்கத்துக் காரணையில் அப்படிப்பட்ட நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நிலத்துக்கான வழக்கு நூறு வருஷம் கழித்தும் தீரவில்லை என்பது சோற்றைப் பற்றிய செய்திதான்.

இந்தப் பின்னணியில் கேழ்வரகைப் பார்க்கவேண்டும். படியாள் வீட்டுப் பானையில் கூழ் இருந்தது. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விளைவித்த நெல் வேறு வீட்டுக்குப் போனதால் மிஞ்சியது அது. 1877இல், பஞ்சத்தின் நடுவில், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். போதாது என்று சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். பசியை ராத்தலில் அளந்த அரசுக்குப் பிறகு, 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று ஓர் அரசு வந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். வெள்ளைச் சோறு அன்றாடமாயிற்று. இதை ருசியின் வீழ்ச்சியாகவோ ஆரோக்கியத்தின் இழப்பாகவோ மட்டும் பார்க்கிறவன், பண்டிகை நாளில் மட்டும் நெல்லுச்சோறு கண்ட வீடுகளை மறந்துவிடுகிறான். அவர்களைப் பார்த்து மறுபடியும் கூழுக்குப் போங்கள் என்று உபதேசிப்பதில் ஒரு குரூரம் இருக்கிறது. அதே கேழ்வரகு இன்று பழைய மகாபலிபுரம் சாலைக் கடைகளில் அழகான பொட்டலத்தில், அரிசியைவிட விலை கூடி, நிற்கிறது.

திருப்போரூர் முருகனைச் சிதம்பர சுவாமிகள் பனங்காட்டில் கண்டெடுத்தார் என்பது ஐதீகம். பனை, மழையை நம்பி நின்று நுங்கும் கிழங்கும் வெல்லமும் தந்த மரம். இப்போது சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுகள். ஏரிப்பாசன வயலின் மேல் எழுந்த அடுக்கு வீட்டில், லாரித் தண்ணீரில், தொலைவிலிருந்து வந்த மாப்பிள்ளைச் சம்பா வேகிறது. சமைக்கிறவள் மீது குற்றமில்லை. அவளால் முடிந்த தேர்வை அவள் செய்கிறாள். அந்த அரிசியின் விலையில் காலடியிலுள்ள ஏரிக்கு ஒரு பிடியும் இல்லை, அதை நட்டவளுக்கு ஒரு குழி நிலமும் இல்லை.

பழைய களம் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்ய மறுத்தது. இரண்டையும் சேர்த்து அளக்கும் மரக்கால் இதுவரை இந்த வட்டாரத்தில் புழங்கியதில்லை. உணவைப் பற்றிய பேச்சு அதிலிருந்து தொடங்கினால் நல்லது. எந்த அரிசி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.