கதவுக்கு அப்பால் நிற்பவர் யார்?

வாயிற்கதவு தட்டப்படும் ஓசை கேட்டதும் உள்ளே இருப்பவர் மனத்தில் முதலில் எழுகிற கேள்வி, வந்திருப்பவர் யார் என்பதுதான். கதவைத் திறக்காமலே அதற்கு விடை காண மனிதன் கையாண்ட உபாயங்கள் எத்தனையோ. ஆயினும், இன்று வீட்டு முகப்புகளில் சர்வசாதாரணமாகக் காணப்படும் கேமராவின் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர், அரசாங்க மாளிகையிலோ பெரிய வங்கியிலோ அல்ல, நியூயார்க் நகரத்து க்வீன்ஸ் பகுதியில் ஜமைக்கா என்று வழங்கும் பேட்டையிலே, வேளை கெட்ட வேளைகளில் வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு நர்ஸின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அவருக்கு முன்னும் வீட்டைக் காக்க யந்திரங்கள் இருந்தன. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர், கதவோ ஜன்னலோ திறந்த மாத்திரத்தில் மின்சாரச் சுற்று பூர்த்தியாகி மணி அடிக்கும்படியான ஒரு சாதனத்துக்கு 1853-ல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், அதைப் பாஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் பெரிய வியாபாரமாக வளர்த்தார். ஆனால் அந்த மணி, கதவு திறந்த பிறகு ஒலிக்கும் மணி. திறப்பதற்கு முன்னால், வெளியே நிற்பவர் நண்பரா, அந்நியரா, தீயவரா என்று சொல்லும் சக்தி அதற்கு இல்லை.

தூரத்தில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கும் வித்தை, டெலிவிஷனோடுதான் பிறந்தது. அதுவும் வீட்டைக் காக்கும் நோக்கத்தில் பிறக்கவில்லை. 1942-ல் பால்டிக் கடற்கரையில் உள்ள பீனமுண்டே என்ற இடத்தில் ஜெர்மானியர் ராக்கெட்டுகளைப் பரீட்சை செய்தபோது, அவை கிளம்பும் காட்சியை அபாயம் இல்லாத தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வால்டர் புருக் என்ற பொறியாளர் கேமராக்களை அமைத்துக் கொடுத்தார். அழிவுக் கருவியைப் பார்ப்பதற்கென்று ஏற்பட்ட கண், இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒரு குடும்பத்தின் வாயிற்கதவுக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைக்க எனக்கு ஒருவித ஆறுதல் உண்டாகிறது.

முதலில் சொன்ன நர்ஸ், மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற கறுப்பினப் பெண்மணி. அவர் கணவர் ஆல்பர்ட் பிரௌன் மின்னணுத் தொழில் அறிந்தவர். இருவருடைய வேலை நேரங்களும் ஒழுங்கான நேரங்கள் அல்ல. ஆகையால் மேரி வீட்டில் தனியாக இருக்கும் இராப்பொழுதுகள் பல. 1960-களில் அந்த நகரத்தில் குற்றங்கள் பெருகிக்கொண்டிருந்தன; போலீஸாரை அழைத்தாலும் அவர்கள் உடனே வந்துவிடுவார்கள் என்ற நிச்சயம் அந்தப் பேட்டையிலே இல்லை. அவசரத்துக்கு மூன்றே எண்களைச் சுழற்றி உதவி கேட்கும் 911 என்ற ஏற்பாடுகூட நியூயார்க்குக்கு வந்தது 1968-ல்தான். இந்த நிலைமையில், தனித்திருக்கும் ஸ்திரீ ஒருத்தி கதவருகே போய்த் துவாரத்தில் கண் வைத்துப் பார்ப்பதுகூட ஆபத்தாகலாம் என்பதை உணர்ந்த மேரி, கதவை நெருங்காமலே வந்தவரைப் பார்க்கவும் அவரோடு பேசவும் வழி உண்டா என்று யோசித்தார். அந்த யோசனைக்குக் கணவரின் தொழில் அறிவு துணை நின்றது. 1966 ஆகஸ்ட் 1-ஆம் தேதி இருவரும் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

அந்த அமைப்பின் விவரத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். கதவில் மேலும் கீழுமாகப் பல துவாரங்கள். கதவின் உட்புறத்தில் ஒரு கேமரா. அது மோட்டாரின் உதவியால் மேலும் கீழும் நகர்ந்து, வேண்டிய துவாரத்துக்கு நேரே வந்து நிற்கும். நெட்டையான ஆள் வந்தால் மேல் துவாரத்தின் வழியே முகம் தெரியும். குழந்தை வந்து நின்றால் கீழ்த் துவாரம் இருக்கிறது. கேமரா காணும் காட்சி கம்பியின்றி வானொலி அலைகளாகப் படுக்கையறைக்குச் சென்று, அங்குள்ள டெலிவிஷன் திரையில் தோன்றும். ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருந்தபடியால் எழுந்து வராமலே வந்தவரை விசாரிக்கலாம். தெரிந்தவர் என்றால் ஒரு பொத்தானை அழுத்தித் தாழ்ப்பாளை விடுவிக்கலாம். சந்தேகம் தோன்றினால் இன்னொரு பொத்தானை அழுத்திக் காவலருக்கு அபாய அறிவிப்பு அனுப்பலாம்.

இந்த இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக வைத்ததுதான் அந்தப் பெண்மணியின் புத்தி விசேஷம் என்பது என் அபிப்பிராயம். பயத்தினால் மாத்திரம் தூண்டப்பட்டவர் கதவைப் பூட்டுவதற்கே கருவி செய்திருப்பார். மேரியோ, வருகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளே அழைக்கத் தக்கவர்கள், அவர்களில் கீழ்த் துவாரத்தில் மட்டும் முகம் தெரியும் சிறுவரும் இருப்பர் என்பதை மறவாமல், திறப்பதற்கும் வழி வைத்தே தம் கருவியைச் செய்தார்.

1969 டிசம்பர் 2-ஆம் தேதி, 3,482,037 என்ற எண்ணுள்ள காப்புரிமை அந்தத் தம்பதியருக்குக் கிடைத்தது. நான்கு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது. ஆனால் அக்காலத்துக் கேமரா, கண்ணாடிக் குழாயை ஆதாரமாகக் கொண்ட கனத்த பெட்டி. அதையும், அதை நகர்த்தும் மோட்டாரையும், அலை பரப்பும் கருவியையும் சேர்த்து வாங்குவது சாமானியக் குடும்பத்துக்கு இயலும் காரியம் அல்ல. எவருக்காக அந்த யோசனை பிறந்ததோ அவர்களுக்கே அது எட்டாமல் இருந்தது என்பதை எண்ணும்போது மனம் நோகத்தான் செய்கிறது.

அந்த விலைத் தடையை நீக்கப் போகிற காரியம், விசித்திரமாக, அதே ஆண்டில், அந்த ஊருக்கு வெகு சமீபத்திலேயே நடந்துகொண்டிருந்தது. ஹட்சன் நதிக்கு அப்பால் நியூஜெர்ஸியின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969 அக்டோபரில், கணினிக்கு ஒரு நினைவகம் செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சிலிக்கான் சில்லின் மேல் மின்னூட்டத்தைப் படிப்படியாக நகர்த்தும் சிசிடி என்ற அமைப்பைக் கற்பித்தார்கள். ஒளி பட்டால் மின்னூட்டம் பிறக்கும் என்பதனால் அந்தச் சில்லே படம் பிடிக்கும் கண்ணாயிற்று. கனத்த குழாயின் இடத்தை நகத்தளவு சில்லு பிடித்துக்கொண்டது. அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்தச் சில்லு பரீட்சைக்கூடத்தை விட்டுச் சாதாரண விற்பனைக் கேமராக்களில் பரவ 1980-கள் பிறக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் காப்புரிமைக்கு அக்காலத்தில் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். ஆகவே பிரௌன் தம்பதியரின் உரிமை, கேமரா சிறுத்து மலியத் தொடங்கியிருந்த 1986-ன் டிசம்பரில் முடிந்துபோயிற்று. ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் கணினி வலையமைப்பில் நேராக இணையும் கேமராவை 1996-ல் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் மேரி தம் 76-ஆம் வயதில் காலமானார். வீட்டுக் காவலுக்கும் வாயிற் கேமராவுக்கும் உரிமை கேட்டுப் பிற்காலத்தில் வந்த விண்ணப்பங்கள் பலவற்றில், முன்னோடிக் கண்டுபிடிப்புகளின் வரிசையில் 3,482,037 என்ற எண் அச்சாகியிருப்பதைக் காணலாம்.