எவரெஸ்ட் ஏற ரூ.40 லட்சம்: பேக்கேஜில் எது அடங்கும்? எது அடங்காது?

2023 மே 18. எவரெஸ்ட்டில் சுமார் 8,300 மீட்டர் உயரத்தில் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார் ஒரு மலேசியர். அந்த வழியாக ஒரு சீன கிளையன்ட்டை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார் கெல்ஜே ஷெர்பா என்ற வழிகாட்டி. 'உச்சியை இப்போ விட்டுடலாம்' என்று தன் கிளையன்ட்டைச் சம்மதிக்க வைத்த அவர், மலேசியரைப் படுக்கும் பாயில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் கீழே கொண்டுவந்தார். சுமார் 600 மீட்டர் இறங்க 6 மணி நேரம் ஆனது. வழியில் இன்னொரு ஷெர்பாவும் கைகொடுத்தார். மூன்றாவது முகாமிலிருந்து ஹெலிகாப்டர் நீண்ட கயிற்றில் தூக்கிப் போனது.

அந்த மீட்பு எந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலிலும் இருந்திருக்காது. ஆனால் 'எவரெஸ்ட் பேக்கேஜ்' என்று தேடினால் மொபைலில் வந்து விழும் விளம்பரங்களைப் பார்த்தால், பணம் கட்டினால் உச்சியில் நிற்க வைத்துவிடுவார்கள் என்றே தோன்றும். உண்மையில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

காசு எங்கே போகிறது?

முதல் செலவு நேபாள அரசுக்கு. வசந்த காலத்தில் தெற்குப் பக்கமாக ஏற வெளிநாட்டவருக்கான அனுமதிக் கட்டணம் 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர், அதாவது சுமார் 13 லட்சம் ரூபாய். இந்தியர்களுக்கும் இதேதான். அனுமதி செல்லுபடியாகும் காலமும் 75 நாளிலிருந்து 55 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

மீதி கம்பெனிக்கு. கூடாரம், சாப்பாடு, யாக் மாடு, போர்ட்டர், ஷெர்பா, ஆக்சிஜன், வானிலைக் கணிப்பு எல்லாம் அதில் வரும். மொத்தமாக 35,000 டாலருக்கும் ஆள் இருக்கிறது, ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் ஆள் இருக்கிறது. பேஸ் கேம்ப்பில் காபி மெஷினும் கார்பெட்டும் இருப்பதா வித்தியாசம்? அது கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாதது: ஒரு கிளையன்ட்டுக்கு எத்தனை ஷெர்பா, எத்தனை சிலிண்டர், டாக்டர் இருக்கிறாரா, ஆபத்தென்றால் கூப்பிட மேல் முகாம்களில் கூடுதல் ஆள் இருக்கிறார்களா என்பதுதான். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும் என்பது 2025-ல் நேபாளம் கொண்டுவந்த விதி. அது குறைந்தபட்சம் மட்டுமே.

இன்சூரன்ஸ், டிப்ஸ், இறகு அடைத்த உடை, பூட்ஸ் எல்லாம் பெரும்பாலும் தனிச் செலவு. 'சம்மிட் போனஸ்' என்ற ஒன்றும் உண்டு. கிளையன்ட் உச்சியைத் தொட்டால், கூட ஏறிய ஷெர்பாவுக்குக் கொடுக்கும் தொகை. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தள்ளாடும் கிளையன்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆளின் வருமானம், அதே கிளையன்ட் மேலே போவதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் திரும்பினாலும் போனஸ் தருவீர்களா என்று கம்பெனியிடம் கேட்பது கிளையன்ட்டின் உயிருக்கே நல்லது.

இரண்டு மாதம், ஒரு இரவு

மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் நேபாளம் போய், லுக்லாவுக்குச் சிறிய விமானம். அங்கிருந்து நாம்சே பஜார் வழியாக 8 முதல் 10 நாள் நடந்தால் 5,364 மீட்டரில் பேஸ் கேம்ப். இவ்வளவு மெதுவாகப் போவது உடம்புக்காக. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அவசரப்பட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். இரண்டுமே ஆளைக் கொல்லும்.

பேஸ் கேம்ப்பைத் தாண்டியதும் கும்பு ஐஸ்ஃபால். நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டிப் பாறைகளும் பிளவுகளும் நிறைந்த இந்தப் பகுதியில் ஒவ்வொரு சீசனும் ஏணியும் கயிறும் போடுவது 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' எனப்படும் ஷெர்பா குழு. வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் இருட்டிலேயே கடக்கிறார்கள். ஆபத்தைக் குறைக்க, பல கம்பெனிகள் கிளையன்ட்களைப் பக்கத்தில் உள்ள லொபுசே ஈஸ்ட் போன்ற 6,000 மீட்டர் சிகரத்தில் ஏற்றி இறக்கி உடம்பைப் பழக்குகின்றன. கிளையன்ட் ஐஸ்ஃபாலைக் கடப்பது சில தடவைதான். கூடாரத்தையும் சிலிண்டரையும் மேலே கொண்டுபோகும் ஷெர்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2014 ஏப்ரல் 18 அன்று அங்கே விழுந்த பனிச்சரிவில் 16 பேர் இறந்தார்கள். 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். கிளையன்ட் ஒருவர்கூட இல்லை.

உயரமான மலையில் வேலை செய்யும் வழிகாட்டிக்கான கட்டாய ஆயுள் காப்பீடு 2025-ல் 20 லட்சம் நேபாள ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தியக் கணக்கில் சுமார் பன்னிரண்டரை லட்சம். அரசுக்குக் கட்டும் அனுமதிக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் குறைவு!

மதியம் 2 மணி

நான்காவது முகாம் சுமார் 7,900 மீட்டரில், சவுத் கோல் என்ற கணவாயில் இருக்கிறது. அங்கிருந்து ராத்திரி கிளம்பினால் காலையில் உச்சி: 8,848.86 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 4 லிட்டர் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்து வைத்தால் சுமார் 8 மணி நேரம் வரும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் பாதி நேரம். 2019 மே மாதம் உச்சிக்குக் கீழே ரேஷன் கடை வரிசை மாதிரி ஆட்கள் நின்ற போட்டோ உலகம் முழுக்கப் பரவியதே, அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

அதனால்தான் திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே குறிக்கிறார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். 1996 மே 10 அன்று நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹாலின் குழுவுக்கு மதியம் 2 மணி என்று பேச்சு. கூட்டத்தைப் பார்த்து முற்பகலிலேயே திரும்பிய மூன்று கிளையன்ட்கள் பிழைத்தார்கள். முந்தைய ஆண்டு உச்சிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிய இன்னொருவர், இந்த முறை மாலை 4 மணி வாக்கில் உச்சியைத் தொட்டார். ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயல் வந்தது, இருவருமே திரும்பவில்லை. அந்தப் புயலில் மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள்.

ஹால் அனுபவமில்லாதவர் இல்லை, அதற்கு முன் நான்கு முறை எவரெஸ்ட் ஏறியவர். அப்படிப்பட்டவருக்கே 'போதும், இறங்கு' என்று சொல்வது கஷ்டமாகிவிடுகிறது, காரணம் எதிரில் நிற்பவர் வீட்டை விற்றோ கடன் வாங்கியோ வந்திருக்கலாம். ஆக்சிஜன் குறைந்த மூளைக்குத் தன் நிலைமை தனக்கே புரியாது என்பது இன்னொரு சிக்கல். 2023 வசந்த சீசனில் 478 பேருக்கு நேபாளம் அனுமதி கொடுத்தது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 18 பேர்.

யார் சேரலாம்?

முன் அனுபவம் வேண்டும் என்று நல்ல கம்பெனிகள் கேட்கின்றன, எல்லாரும் கேட்பதில்லை. நேபாளத்தில் 7,000 மீட்டர் சிகரம் ஒன்றையாவது ஏறியிருக்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவு 2025-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சட்டம் வருகிறதோ இல்லையோ, அந்த வரிசையில் போவதுதான் புத்திசாலித்தனம். டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் சுமார் நான்கு வார அடிப்படைப் பயிற்சி, பிறகு ஒரு 6,000 மீட்டர், ஒரு 7,000 மீட்டர், முடிந்தால் மனஸ்லு (8,163 மீட்டர்), அதற்கப்புறம் எவரெஸ்ட். தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் உச்சியைத் தொட்டார்.

கையெழுத்துப் போடும் முன்

விலை குறைவு என்று மட்டும் பார்த்துச் சேருவது வேலைக்கு ஆகாது. எத்தனை சிலிண்டர் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். திரும்பும் முடிவை யார் எடுப்பார், கிளையன்ட் அதை மறுத்தால் என்ன நடக்கும் என்பதும் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிய மோசடியை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது, அதனால் மீட்பை யார் கூப்பிடலாம் என்ற வரியையும் படிப்பது நல்லது.

ஒப்பந்தத்தோடு பல கம்பெனிகள் இன்னொரு படிவமும் தருகின்றன. மேலே இறந்துவிட்டால் உடலை மலையிலேயே விடுவதா, கீழே கொண்டுவருவதா, சொந்த ஊருக்கு அனுப்புவதா என்று அதில் டிக் அடிக்க வேண்டும். 8,000 மீட்டருக்கு மேலிருந்து ஓர் உடலை இறக்கப் பல ஷெர்பாக்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும், செலவும் பல பத்து லட்சம் ரூபாய் ஆகும். காத்மாண்டுவில் போய் அவசரமாக டிக் அடிக்காமல், கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி நிரப்ப வேண்டிய படிவம் அது.